முதலில் வெள்ளைக்கல்

எங்கள் சுரங்கத்தைத் தகரச் சுரங்கம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தகரம் கடையில் கிடைக்கும், கூரைக்கும் டப்பாவுக்கும் ஆகிற இரும்புத் தகடு. நாங்கள் எடுப்பது வெள்ளீயம். அந்த டப்பா துருப்பிடிக்காமல் இருக்க மேலே பூசுகிறார்களே, அது. உங்கள் கையிலிருக்கிற போனைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே ஒவ்வொரு பொடிச் சில்லையும் பலகையோடு பிடித்து வைத்திருக்கிற பற்றாசு எங்கள் சரக்கு. அது இல்லையென்றால் போன் வெறும் கண்ணாடித் துண்டு. இதை நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அப்போது என் மனைவி என்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நான் மில் ஃபோர்மேன். சுரங்கத்திலிருந்து வருகிற கல்லை உடைத்து, அரைத்து, தண்ணீரோடு மேசைமேல் ஓட விடுவது எங்கள் வேலை. மேசை என்றால் சாப்பாட்டு மேசை இல்லை. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அளவுக்குச் சாய்வான பலகை, மேலே நீள நீளமாக வரிகள், அடியில் மோட்டார். குலுங்கிக்கொண்டே இருக்கும். லேசான மணல் தண்ணீரோடு வழிந்து ஓடிவிடும். வெள்ளீயக்கல் நிறத்தில் கறுப்பு, எடையில் கனம். அது வரியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து மேல் ஓரத்தில் கறுப்புக் கோடாக வந்து சேரும். எங்கள் சம்பளம், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் வருகிறது.

என் தங்கச்சி அதே சுரங்கத்தில் ஜியாலஜிஸ்ட். மலைக்குள் அடுத்த கல் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியவள் அவள். வீட்டில் அவள் பெயர் பாப்பா. காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது, இன்னும் பாப்பாதான். மில்லில் எல்லோரும் மேடம் என்பார்கள். நான் மட்டும் மூன்று மேசைக்கு அப்பாலிருந்து, அந்த இரைச்சலையும் மீறி, "பாப்பா!" என்று கத்துவேன். அவள் முறைப்பாள். முறைக்கட்டும், தூக்கி வளர்த்தவன் நான்.

பழைய பகுதியில் கல் தீர்ந்துகொண்டு வந்தது. பாறைக்குள் ஓடுகிற வெள்ளீயப் பட்டையை நாங்கள் நரம்பு என்போம். எங்கள் நரம்பு ஓரிடத்தில் கத்தியால் வெட்டின மாதிரி நின்றுபோயிருந்தது. எல்லோரும் அவ்வளவுதான் என்றார்கள். பாப்பா மட்டும், "அது முடியலண்ணே. மலை எப்பவோ உடைஞ்சு நகர்ந்திருக்கு. மிச்ச நரம்பு கிழக்குச் சரிவுக்கு அடியில இருக்கணும்" என்றாள். தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி, பாறையில் துளை போடுகிற ரிக் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கிழக்குச் சரிவில் ஏற்றினாள்.

முதல் துளைகள் வெறும் பாறை. கடைசித் துளையில் துளைக்குழாயிலிருந்து வெளியே வந்த உருளைக்கல்லைப் பெட்டியில் அடுக்கியபோது, நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கரும்பழுப்புப் படிகங்கள். அவள் போன் போட்டு, "அண்ணே, வா" என்றாள். நான் அந்தத் துண்டைக் கையில் வாங்கினேன். சாதாரணக் கல்லுக்கு அந்தக் கனம் வராது. சந்தோஷத்தில் ரிக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் சட்டை முழுக்க கிரீஸ்.

அந்த உருளையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதி லேபுக்குப் போனது. மறுபாதி பெட்டியில் இருந்தது. அதுதான் வழக்கம். லேபிலிருந்து பதில் வந்தது. நூறு கிலோ கல்லில் இருபது கிராம் வெள்ளீயம். எங்களுக்கு அரை கிலோவாவது இருந்தால்தான் வெட்டுகிற கூலி கட்டும். இருபது கிராம் என்பது ரோட்டுக்குப் போடுகிற ஜல்லி.

தலைமை அலுவலகம் தாமதிக்கவில்லை. கிழக்கு வேண்டாம், வியாழக்கிழமை கணக்கு அதிகாரி நேரில் வருகிறார், அன்றைக்கே ரிக் மலையிறங்கும், ஜியாலஜிஸ்ட் அவர் முன்னால் 'கிழக்கில் ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி. போன தடவை வந்தபோது ஒரு ஷிஃப்டை வெட்டினார், ஒரு வேளை டீயை வெட்டினார், கையுறையைக்கூட மாதத்துக்கு ஒரு ஜோடி என்று வெட்டினார். ஒரு தடவை இறங்கின ரிக் திரும்ப ஏறாது. பழைய பகுதி தீர்ந்ததும் சுரங்கம் மூடும், மில் மூடும், ஊர் கலைந்துபோகும்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தும் பாப்பா தட்டைத் தொடவில்லை. நான்தான் கத்தினேன்.

"லேப்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? குருடன் கூட அந்தக் கல்லைத் தூக்கிப் பார்த்துச் சொல்வானே!"

"கத்தாதீங்க, அவளை யோசிக்க விடுங்க" என்றாள் என் மனைவி. "பாப்பா, நீ ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு யோசி."

"அண்ணி, நான் கண்ணால பார்த்தேன். லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். இருபது கிராமா இருக்கவே முடியாது" என்றாள் பாப்பா. அவள் குரல் உடைந்ததை நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

மறுநாள் காலையில் அவள் ஆபீஸ் அறைக்குப் போனேன். லேபோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எந்த முறையில பார்த்தீங்க? ... இல்ல, நாங்க எப்பவும் உலையில உருக்கித்தானே பார்க்கச் சொல்வோம்? ... ஓ. ... யாரு மாத்தினது? ... சரி." போனை வைத்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிப்பு. எனக்குப் பயமாகிவிட்டது.

"அண்ணே, கல்லை ஆசிட்ல கரைச்சுப் பார்த்திருக்காங்க!"

"அதனால என்ன?"

"வெள்ளீயக்கல் எந்த ஆசிட்லயும் கரையாது. நாள் பூரா ஊற வெச்சாலும் அடியில கல்லாவே உட்கார்ந்திருக்கும். கரைஞ்ச தண்ணியை மட்டும் மெஷின்ல பார்த்தா இருபது கிராம்தான் காட்டும். செம்புக்கும் மத்ததுக்கும் அது நல்ல முறை. விலை பாதி. செலவைக் குறைக்கணும்னு தலைமை அலுவலகத்துல மாத்திட்டாங்க. என்னைக் கேட்கவே இல்ல."

சாம்பிளுக்குச் சாம்பிள் நாலு காசு மிச்சம் பிடித்து, ஒரு சுரங்கத்தையே மூடப் பார்த்திருக்கிறார்கள். நான் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது.

"சரி, உருக்கிப் பார்க்கச் சொல்லு."

"சொல்லிட்டேன். வரிசையில வரணும், வாரக்கணக்காகும். ரிக் வியாழக்கிழமை போயிடும்" என்றவள், எழுந்து நின்றாள். "மறுபாதி கல்லு பெட்டியில இருக்குல்ல? உன் மேசையைக் குடு. கத்திரி கண்ணு முன்னாலயே ஓட்டிக் காட்டறேன்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சின்ன சாம்பிள்களுக்கென்று மில் மூலையில் ஒரு குட்டி உடைப்பானும் ஒரு சின்ன மேசையும் வைத்திருக்கிறேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன். "என் மேசையில சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்" என்றேன்.

"நம்பறேன். ஆனா முதல்ல ஒண்ணுமே இல்லாத கல்லை ஓட்டிப் பார்க்கணும்."

"என்ன, என் மேசை மேல சந்தேகமா?"

"சந்தேகம் இல்லண்ணே. வேலை."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த வெள்ளை ஜல்லி கிடங்கில் கிடந்தது. சுண்ணாம்புக்கல், வெள்ளீயத்தின் வாசனைகூடத் தெரியாத கல். அதை உடைத்து, அரைத்து, தண்ணீரைத் திறந்து மேசைமேல் விட்டேன். பால் மாதிரி வழிந்து ஓடியது. "பார்த்தியா?" என்று திரும்பினேன். அவள் மேல் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு.

அவமானம் என்றால் இதுதான். உடைப்பானின் தாடையிலும் மேசை வரிகளின் ஓரத்திலும் பழைய வெள்ளீயம் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. ஃபோர்மேன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்த என் மூக்கு, என் மேசைமேலேயே உடைந்தது.

மில் மூலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். நான் குரலைத் தாழ்த்தி, "இந்தப் பொடிக் கோட்டால என்ன ஆயிடப் போகுது? நம்ம கல்லுல எக்கச்சக்கமா இருக்கு. நாளைக்கு அதை மட்டும் ஓட்டு. இது யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். நான் ஸ்பேனரை எடுக்கப் போனேன்.

அன்று பகல் முழுக்க மேசையைப் பிரித்தோம். மத்தியானம் சாப்பாட்டோடு வந்த என் மனைவி, நான் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பல் பிரஷ்ஷால் வரி வரியாகத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல வீட்டுல ஒரு தட்டைக் கழுவினதில்ல. பாப்பா, இவரை எப்படிம்மா மடக்கின?"

"அண்ணி, இன்னொரு பிரஷ் இருக்கு" என்றாள் பாப்பா. மூன்று பேருமாகத் தேய்த்தோம். மறுபடி வெள்ளைக்கல்லை ஓட்டினோம். கோடு இருந்தது, மங்கலாக. மறுபடி பிரித்தோம். அதற்கடுத்த ஓட்டத்தில் மேல் ஓரம் வெறும் பலகையாக, ஈரமாகப் பளபளத்தது. என் மனைவி கைதட்டினாள். ஒன்றுமே வராததற்கு ஒருத்தி கைதட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை கத்திரி வந்தார். ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை, பளபளக்கிற ஷூ. மலையில் ரிக்கை ஏற்றிப்போக லாரி வந்து நின்றது. மில்லுக்குள் நுழைந்ததும், "ஆக, தகரம் இல்லைன்னு ஆயிடுச்சு" என்றார். நான் வாயைத் திறந்தேன். பாப்பா என் காலை மிதித்தாள்.

லேப் முறையைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"அதை மாத்தச் சொன்னது நான்தான்" என்றார்.

"தெரியும் சார். மத்த உலோகத்துக்கு அது சரி. இதுக்குச் சரியில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அப்படிப் போட்டு உடைத்தாள். எனக்கே அந்தத் தைரியம் வராது. அவர் "காட்டுங்க" என்றார்.

முதலில் வெள்ளைக்கல்லை ஓட்டினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணும் வரலையே?"

"அதைத்தான் சார் பார்க்கணும்."

அப்புறம் கிழக்குக் கல். எடை போட்டு, அரைத்து, மேசையில் விட்டாள். முதலில் சாம்பல் நிறச் சேறு வழிந்தது. பிறகு வரிகளின் நுனியில் கறுப்பு கட்டியது. கோடாகி, பட்டையாகி, மேல் ஓரத்தில் என் இரண்டு விரல் அகலத்துக்கு வந்து நின்றது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கறுப்பா இருக்கிறதெல்லாம் வெள்ளீயமா?" என்றார் கத்திரி. நியாயமான கேள்வி. இரும்புத்தாதும் கறுப்பாகத்தான் இருக்கும்.

பாப்பா இதை எதிர்பார்த்திருந்தாள். பழைய டார்ச் பேட்டரியை அறுத்து, அதன் துத்தநாக உறையைத் தட்டித் தகடாக வைத்திருந்தாள். பட்டையிலிருந்து சில மணிகளை எடுத்து அதன்மேல் வைத்து, குழாய் அடைப்புக்கு ஊற்றுகிற ஆசிட்டில் சில சொட்டு விட்டாள். புஸ்ஸென்று நுரைத்தது. நுரை அடங்கினதும் தண்ணீரில் கழுவி, மணிகளைத் துணியில் வைத்து அவரிடம் நீட்டினாள். "தேய்ச்சுப் பாருங்க சார்."

அவர் தேய்த்தார். கறுப்பு மணி வெள்ளி மாதிரி மின்னியது. வெள்ளீயம் மட்டும்தான் அப்படி மேலே வெள்ளைப் பூச்சு பூசிக்கொள்ளும், இரும்புத்தாது அப்படியே கறுப்பாகக் கிடக்கும். பட்டையை உலர்த்தி எடை போட்டார்கள். நூறு கிலோவுக்கு என்று கணக்குப் போட்டால் ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. அவளோ, "தூசியும் மத்த கறுப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். தொள்ளாயிரம் கிராம்னு வெச்சுக்குங்க" என்றாள். என் கல்லைக் குறைத்துச் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரம்.

"விலை சரிஞ்சா?" என்றார் கத்திரி.

"இன்னைக்கு விலைக்கு அரை கிலோ போதும். விலை நல்லாவே சரிஞ்சாலும் முக்கால் கிலோவுல தாங்கும். புதுசா ஒரு எடத்துல சுரங்கம் ஆரம்பிச்சா ரோடு, தண்ணி, மில்லுன்னு அதுவே காசைத் தின்னுடும். இங்க எல்லாம் இருக்கு. பழைய சுரங்கத்தோட அடி மட்டத்துலேர்ந்து குறுக்கால ஒரு வழி வெட்டினா போதும்."

"கிழக்குல இருக்குன்னு எவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

நூறு சதவீதம் என்று சொல்லு, சொல்லு என்று நான் மனசுக்குள் துடித்தேன்.

"இந்தத் துளையில இருக்கு, அது உறுதி. பக்கத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒரு துளையை வெச்சு சுரங்கம்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். நாலு துளைக்கு ரிக்கை விட்டு வைங்க. அதுல இல்லன்னா நானே உங்களைக் கூப்பிட்டு மூடிடுங்கன்னு சொல்றேன்."

கத்திரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் நிறைய சுரங்கம் பார்த்தவன். மூடப் போற எடத்துல திடீர்னு கல்லுல எல்லாம் வரும். மேசை உங்க அண்ணனோடது. அவர் வேலையும் இதுலதான் இருக்கு. அந்த வெள்ளைக்கல்லு நாடகம்கூட நல்லாத்தான் இருந்தது."

பாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவள் வேலையை நாடகம் என்றதும் எனக்குக் கண் இருண்டது.

"நாடகமா? சார், நேத்து இதே மேசையில அந்த வெள்ளைக்கல்லுல கறுப்புக் கோடு வந்துச்சு. என் மேசை அழுக்கு. ஃபோர்மேன் நான் சொல்றேன், என் மேசை அழுக்கா இருந்துச்சு! யாருக்கும் தெரியாது, விட்டுடுன்னு இவகிட்ட சொன்னதும் நான்தான். முடியாதுன்னுட்டா. பல் பிரஷ்ஷைக் குடுத்து என்னை மேசைக்கு அடியில படுக்க வெச்சா. அவ அண்ணனையே நம்பாம கழுவ வெச்சவ உங்களை ஏமாத்துவாளா? என் தங்கச்சி சார் இவ. மலையில இல்லாததை இருக்குன்னு சொல்லத் தெரியாது இவளுக்கு!"

மில் முழுக்கக் கேட்டிருக்கும். பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். "பெட்டியில மிச்சக் கல்லு இருக்கு சார். எந்தத் துண்டுன்னு நீங்களே எடுங்க. நீங்களே ஓட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் வெளியே நிக்கறோம்."

கத்திரி சட்டைக் கையை மடித்தார். பெட்டியிலிருந்து தானே துண்டுகளைப் பொறுக்கினார். நாங்கள் கதவுக்கு வெளியே நின்றோம். பெரிய மேசை ஓட்டுகிற ஆள் ஒருவனை உள்ளே வைத்துக்கொண்டு, எப்படி என்று அவனிடம் கேட்டுக் கேட்டு அவரே வெள்ளைக்கல்லை ஓட்டினார், அவரே கிழக்குக் கல்லை ஓட்டினார். வெளியே வந்தபோது இஸ்திரிச் சட்டை தொப்பலாக நனைந்து, ஷூவெல்லாம் சேறு. விரலில் கறுப்பு மணல் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே போனை எடுத்து, "ரிக் லாரியைத் திருப்பி அனுப்பிடு. வெறும் லாரியா" என்றார்.

என்னைத் தாண்டிப் போகும்போது, "பல் பிரஷ் செலவைக் கணக்குல எழுதிடுங்க" என்றார். கத்திரிக்குக்கூட சிரிக்கத் தெரிந்திருக்கிறது.

நான்கு துளைகளில் ஒன்று வெறுமை. அதைப் பாப்பாவே அவருக்குப் போன் போட்டுச் சொன்னாள், மறைக்கவில்லை. மற்ற மூன்றில் நரம்பு இருந்தது, ஒன்றில் நினைத்ததைவிட அகலமாக. உருக்கிப் பார்த்த லேப் முடிவும் வந்தது. அவள் சொன்ன தொள்ளாயிரத்தைவிடக் கொஞ்சம் கூடவே. குறுக்கு வழி வெட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கிழக்குக் கல் முதன்முதலாக மில்லுக்கு வந்த அன்று எல்லா ஷிஃப்ட்காரர்களும் வந்து நின்றார்கள். என் மனைவியும் வந்தாள். கத்திரி புது ஆள் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். அந்த ஆள் தகரம் என்று ஆரம்பித்ததும், "வெள்ளீயம்" என்று கத்திரியே திருத்தினார். நான் பெரிய மேசையில் முதலில் வெள்ளைக்கல்லை ஓட்டினேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே. கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே இல்லாத மேல் ஓரத்தைப் பார்த்தது. அப்புறம் கிழக்குக் கல்லைத் திறந்துவிட்டேன். கறுப்பு, உள்ளங்கை அகலத்துக்கு, ராஜா மாதிரி நகர்ந்து வந்தது.

பாப்பா எல்லோருக்கும் பின்னால், வாசல் பக்கம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெருமையாக இருந்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு பேர் முன்னால் அவளை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது.

"மேடம்! முன்னால வந்து பாருங்க!" என்று கத்தினேன்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் அசையவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஒழுங்கா கூப்பிடுண்ணே" என்றாள்.

கூப்பிட்டேன். அத்தனை மேசை இரைச்சலையும் மீறி, மலைக்கே கேட்கிற மாதிரி. "பாப்பா!"